பாகிஸ்தான்காரரின் பருப்பு

அம்மருட், ஒஸ்லோ
9 பெப்ரவரி 2025

பெரியப்பா,

தவமலர் அக்காவின் அந்தியேட்டிக்கு நம் தமிழ் ஒன்றிய மண்டபத்துச் சமையலறையைக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னது நீங்கள்தான்.

கடிதம் எழுதினால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று தமிழ்ப் பள்ளியில் எனக்குச் சொல்லித் தந்ததும் நீங்கள்தான். எனவே விசாரிக்கிறேன். சுகமா? பெரியம்மாவின் முழங்கால் யாழ்ப்பாண வெயிலில் கொஞ்சம் தேறியதா? இங்கே அம்மாவும் நானும் சுகம். பனி இறுகி வாசற்படி வழுக்குகிறது. அம்மா உப்புப் போட்டிருக்கிறார்.

போனில் கேட்டால் நீங்கள் கதையை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் மின்னஞ்சலில் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே எழுதப் போகிறேன், தெரியாது என்று நீங்கள் பிறகு சொல்லக்கூடாது என்பதற்காக.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் சற்குணம் அண்ணையின் மனைவி தவமலர் அக்கா சென்ற மாதக் கடைசியில் புற்றுநோயில் இறந்தார். நம் பள்ளியில் பாலர் வகுப்பை இருபது வருடத்துக்கு மேல் சம்பளம் வாங்காமல் நடத்தியவர். எனக்கு முதலெழுத்து எழுதக் கைபிடித்தவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி மார்ச் முதலாம் தேதி. அன்று மத்தியானச் சாப்பாட்டைத் தன் கையால் சமைத்து எல்லோருக்கும் போட வேண்டும் என்று சற்குணம் அண்ணை ஆசைப்படுகிறார். அவருக்குத் தொழிலே சமையல். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா சொன்னாராம்: "என்ர அலுவலுக்கு நீங்கள்தான் சமைக்கோணும். வேற ஆரும் பருப்புக்கு உப்புப் போட்டால் நான் எழும்பி வந்திடுவன்."

அண்ணை ஒன்றியச் செயலாளரிடம் கேட்டார். மண்டபம் தரலாம், சமையலறை தரமுடியாது, புகை இழுக்கும் விசிறி பழுது என்று பதில் வந்தது. நான் நேற்று ஸ்டோவ்னரில் மண்டபத்துக்குப் போய் விசிறியைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகச் சுற்றுகிறது. பொங்கலன்று அதே அடுப்பில்தான் பெரியம்மாவின் தம்பிமார் பானை வைத்தார்கள். அதைச் சொன்னதும் செயலாளர் என் முகத்தைப் பார்க்காமல், "தலைவர் சொன்னவர்" என்றார்.

தலைவர் நீங்கள். சென்ற வருடம் நீங்கள் தேர்தலில் நின்றபோது உங்கள் பேச்சை எழுதியது நான். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் உணவுக்கடையில் உட்கார்ந்து சாப்பிடும் உரிமைக்காக அடிவாங்கிய கதையைச் சொல்லி, "எங்கட ஒன்றியத்திலை சாதி எண்டு ஒண்டு தலைகாட்டினால் ஒரு கையெழுத்திலை முடிச்சுவிடுவன்" என்று முடித்தீர்கள். மண்டபமே எழும்பி நின்று கைதட்டியது. சற்குணம் அண்ணையும் தட்டினார்.

அந்தக் கையெழுத்து இப்போது வேண்டும். செயலாளருக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

பெரியம்மாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கிருஷிகன்


கொக்குவில்
18 பெப்ரவரி 2025

அன்பு மகன் கிருஷிகன் அறிவது,

நானும் பெரியம்மாவும் இறைவன் அருளால் நலம். உன்னுடையதும் அம்மாவினதும் நலமறிய ஆவல். பெரியம்மா வைத்தியரிடம் எண்ணெய் வாங்கிப் பூசுகிறார், இப்போது கோயில் வரை நடக்கிறார். இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. ஒஸ்லோவில் முப்பது குளிர்காலம் தபால் மூட்டை தூக்கிய உடம்புக்கு இது நல்ல சூடு.

உன் கடிதம் கண்டேன். கோபத்தில் எழுதியிருக்கிறாய். கோபம் உன் வயதுக்கு அழகுதான். தவமலரின் சாவு எங்களுக்கும் கவலை. இங்கிருந்தே ஒரு அர்ச்சனை செய்வித்தோம். சற்குணத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவன் பண்பான பிள்ளை.

சமையலறை விஷயம் நிர்வாகத்தின் முடிவு. தீயணைப்புக்காரரின் விதிகள் இருக்கின்றன. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டிவரும். மண்டபம் கொடுத்தாயிற்று, அதற்கு வாடகையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டைக் குரோன்லாந்துக் கடைத்தெருவில் நாங்கள் வழமையாக எடுக்கும் பாகிஸ்தான்காரரிடம் எடுக்கச் சொல். எங்கள் ஆட்களுக்கு அவருடைய கைப்பக்குவம் பழகிவிட்டது. உன் அக்கா யதுர்ஷா பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கும் அவர்தான் சமைத்தார். "இந்தப் பருப்புக்காகவே இன்னொரு பெட்டை பெறலாம்" என்று உன் அம்மா பகிடி விட்டது நினைவிருக்கிறதா?

அமெரிக்கா வேறு, நாங்கள் வேறு. ஒன்றோடொன்று போட்டுக் குழப்பாதே. படிப்பைக் கவனி. இரவில் தொப்பி போட்டுக்கொண்டு போ.

அன்புப் பெரியப்பா
பாலேந்திரன்


அம்மருட்
21 பெப்ரவரி 2025

பெரியப்பா,

நலம். பெரியம்மா நடப்பது சந்தோஷம். தொப்பி போடுகிறேன்.

தீயணைப்பு விதி என்று எழுதினீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. கட்டடத்தைப் பார்க்கும் நோர்வேக்காரரிடம் கேட்டேன். சமையலறையும் சேர்த்துத்தான் வாடகைக்கு விட்டிருக்கிறோம், அதில் யார் சமைத்தால் எங்களுக்கு என்ன என்றார். ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டார். சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அமெரிக்கா வேறு என்பதும் சரிதான். அங்கே கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நான்கு மாணவர்கள் போய் உட்கார்ந்த கடையில், உள்ளே சமைத்ததும் கோப்பை கழுவியதும் கறுப்பினப் பெண்கள். வெள்ளைக்காரர் அவர்கள் கையால் சமைத்ததைச் சாப்பிட்டார்கள், பக்கத்தில் உட்காரத்தான் விடவில்லை. நீங்கள் சற்குணம் அண்ணையைப் பக்கத்தில் உட்கார விடுகிறீர்கள், மேடையில் பொன்னாடை போர்த்துகிறீர்கள், பாலர் வகுப்பை அவர் மனைவியிடம் ஒப்படைக்கிறீர்கள். அவர் தொட்ட சோற்றைத்தான் சாப்பிட மாட்டீர்கள். சோமாலிக்காரர் கடையில் சாப்பிடுவோம், பாகிஸ்தான்காரர் சமைத்தால் சாப்பிடுவோம். கொக்குவிலுக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர் சமைத்தால் வயிற்றுக்குச் சரிவராது.

பேச்சில் நான் எழுதாமல் விட்ட ஒரு கதையைச் சொல்கிறேன். என் ஆய்வேடு முழுவதும் அதுதான். வீடு கொடுப்பதில் நிறம் பார்ப்பதை ஜனாதிபதி ஒரு பேனாக் கோட்டில் நிறுத்தலாம் என்று கென்னடி தேர்தலில் சொன்னார். கறுப்பினத்தவரின் வாக்கு இல்லாவிட்டால் அந்த மயிரிழை வெற்றி கிடைத்திருக்காது. வென்ற பிறகு பேனாவைத் தொடவில்லை. சனம் தபாலில் பேனா அனுப்பத் தொடங்கியது, கையில் பேனா இல்லையாக்கும் என்று. வெள்ளை மாளிகைக்கு மூட்டையாகப் பேனாக்கள் வந்தன. கடைசியில், இரண்டு வருடம் கழித்து, விடுமுறைக்கு முந்திய ஒரு நாளில், வேறு பெரிய செய்தியோடு சேர்த்துச் சத்தமில்லாமல் கையெழுத்து வைத்தார். அதுவும் பாதிக் கையெழுத்து. பெரும்பாலும் இனிக் கட்டப்போகும் வீடுகளுக்கு மட்டும்.

உங்கள் பதிலைச் சற்குணம் அண்ணையிடம் சொன்னேன். பாகிஸ்தான்காரரிடம் எடுக்கட்டுமாம் என்றேன். அக்காவின் படத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அக்கா போன பிறகு அவர் சிரித்து நான் அன்றுதான் கண்டேன். "ஓம் தம்பி, அவையளிட்டையே எடுப்பம்" என்றார்.

எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. எழுதுங்கள்.

கிருஷிகன்


அம்மருட்
2 மார்ச் 2025

பெரியப்பா,

நலமா? நீங்கள் எழுதவில்லை. அந்தியேட்டி நேற்று முடிந்தது.

எல்லோரும் வந்தார்கள். மண்டபம் நிறைந்துவிட்டது, பின்னால் கதிரை போடவேண்டி வந்தது. அக்காவின் படத்துக்கு முன்னால் பாலர் வகுப்புப் பிள்ளைகள் தேவாரம் பாடினார்கள். பன்னிரண்டு மணிக்குப் பாகிஸ்தான்காரரின் சாப்பாட்டு வான் வண்டி வந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பாயசம். செயலாளர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். அம்மா மூன்றாம் தரம் பருப்புக் கேட்டார். உங்கள் பொருளாளர், மதுரைக்காரர் மீனாட்சிசுந்தரம், விரலை நக்கிக்கொண்டு, "தம்பி, இந்தப் பாய் எப்படிங்க தேங்காய்ப்பால் விட்டு இப்படிச் சமைக்கிறாரு? எங்க வீட்டம்மாகிட்டச் சொல்லாதீங்க, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க" என்றார்.

நான் வெறும் தட்டங்களை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். வான் கதவு திறந்திருந்தது. உள்ளே கவிழ்த்த பெட்டியில், வெள்ளைச் சமையல் சட்டையோடு, வேட்டிக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு, சற்குணம் அண்ணை இருந்தார். ஒரு கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாகிஸ்தான்காரரிடம்தான் அவருக்கு வேலை. மரக்கறிச் சாப்பாடு முழுவதும் அவர் கை. முதலாளி அடுப்பங்கரைப் பக்கமே வருவதில்லையாம். உங்கள் மகளின் சாமத்திய வீடு, செயலாளரின் அறுபதாம் கல்யாணம், சென்ற வருடம் உங்கள் வெற்றி விருந்து, எல்லாம் அவர் சமைத்தது. ஒரு சமையலறையில் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். எந்தச் சமையலறை என்று இந்த ஊரில் ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

என்னைக் கண்டதும், "வந்து சொல்லு, உப்புக் காணுமோ?" என்றார். காணும், அளவாக இருக்கிறது என்றேன். பிறகு சொன்னார்: "தம்பி, இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. அவளின்ர பேரிலை எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டிட்டினம். எனக்கு அது காணும்."

அவருக்குக் காணும். எனக்குக் காணாது. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். வருடக்கணக்காக நீங்கள் எல்லோரும் சாப்பிட்டது அவர் கையால். ஒருவருக்கும் வயிறு வலிக்கவில்லை. இனி என்ன விசிறி, என்ன விதி?

பெரியம்மாவிடமும் வாசித்துக் காட்டுங்கள்.

கிருஷிகன்


கொக்குவில்
19 மார்ச் 2025

அன்பு மகனுக்கு,

இங்கு யாவரும் நலம். அங்கும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். மாமரம் இந்த வருடம் நன்றாகப் பூத்திருக்கிறது. அணில் தொல்லை. ஏப்ரலில் திரும்ப இருந்தோம், ஒரு நல்ல காரியம் பேசிக்கொண்டிருப்பதால் மே நடுப்பகுதி ஆகும். காரியம் கைகூடியதும் உனக்கே முதலில் சொல்வேன்.

உன் கடிதம் கிடைத்தது. வாசித்தேன்.

சற்குணம் எவ்வளவு காலமாக அங்கே வேலை செய்கிறான்? எங்களுக்கு வரும் சாப்பாடு முழுவதும் அவன்தானா, அல்லது வேறு ஆட்களும் உண்டா? நேரம் கிடைக்கும்போது எழுது.

அம்மாவைச் சீனியைக் குறைக்கச் சொல்.

பெரியப்பா


அம்மருட்
19 மார்ச் 2025

பெரியப்பா,

நலம். உடனே எழுதுகிறேன். நீங்கள் கேட்டதே எனக்குச் சந்தோஷம்.

பதினெட்டு பத்தொன்பது வருடமாகிறது. உங்களுக்கு வரும் மரக்கறிச் சாப்பாடு முழுவதும் அவர்தான். கோயில் திருவிழா அன்னதானத்துக்குப் போனதும் அவர் சமைத்ததுதான். சற்றுமுன் படியில் கண்டபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. நீங்களே நேரில் சொன்னால் நன்றாயிருக்கும்.

வரும் வருடப்பிறப்பு விழாவில் அவரை மேடைக்குக் கூப்பிட்டு, இத்தனை வருடமும் எங்களுக்குச் சமைத்தவர் இவர்தான் என்று சொல்லச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதுங்கள். அவருக்குக் கூச்சமாக இருக்கும். பழகிவிடும்.

மாம்பூ உதிராமல் காய்க்கட்டும்.

கிருஷிகன்


அம்மருட்
15 ஏப்ரல் 2025

பெரியப்பா,

வருடப்பிறப்பு வாழ்த்துகள். நலமாக இருப்பீர்கள்.

நேற்றைய விழாவுக்கு வேறொரு இந்திய உணவகத்திலிருந்து சாப்பாடு வந்தது. பருப்பில் வெள்ளைப்பூண்டு மணத்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

நீங்கள் நிர்வாகக் குழுவுக்கு அனுப்பிய குரல்பதிவை மீனாட்சிசுந்தரம் எனக்குப் போட்டுக் காட்டினார். "எங்களை வருசக்கணக்கா ஏமாத்தியிருக்கிறாங்கள். ஆர் சமைக்கிறது எண்டு தெரியாமல் கோயில் சாப்பாடும் போயிருக்கு. பக்குவமாப் பாருங்கோ." பதினெட்டு பத்தொன்பது வருடம் என்று கணக்கும் சொன்னீர்கள். நான் தந்த கணக்கு. மீனாட்சிசுந்தரம் போனை மடியில் வைத்துக்கொண்டு, "நான் கூட்டத்துல ஒண்ணும் பேசலை தம்பி. இது உங்க யாழ்ப்பாணத்து விவகாரம்னு ஒதுங்கிட்டேன். எங்க ஊர்ல இதையே நாங்க வேற மாதிரிப் பண்ணுவோம், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு கல்யாண வீடுகள் சாப்பாட்டை நிறுத்தின. கோயிலும் நிறுத்தியது. பாகிஸ்தான்காரர் சற்குணம் அண்ணையைக் கூப்பிட்டு, உங்கள் ஆட்களுக்கு உன்னோடு என்ன பிரச்சினை என்று கேட்டாராம். விளக்கிச் சொல்ல அண்ணைக்கு நோர்வேஜிய மொழியிலும் சொல் இல்லை, உருதுவிலும் இல்லை. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. தமிழ்ச் சாப்பாட்டு ஓடர் இல்லாமல் தமிழ்ச் சமையல்காரருக்கு வேலை இல்லை என்றார். அண்ணைக்குக் கிழமையில் ஒரு நாள்தான் வேலை இப்போது.

சற்குணம் அண்ணையின் மகள் ஜெனிதா என்னைக் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் பிடித்தாள்.

"அப்பா உன்னட்டை என்ன சொன்னவர்?"

"ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டு."

"பிறகு?"

"பெரியப்பா திருந்துவார் எண்டு நினைச்சன்."

"உன்ர மாஸ்டர் படிப்புக்கு எங்கட அப்பாவோ கிடைச்சவர்? உங்கட குடும்பத்துக்கை ஒரு சண்டை, அதுக்கு எங்கட அடுப்பைக் கொளுத்தியிருக்கிறாய். அம்மா உனக்கு எழுதப் பழக்கினது இதுக்கோ?"

உடுப்பைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். இயந்திரம் முடிந்து நின்ற பிறகும் நான் அங்கேயே நின்றேன்.

கிரீன்ஸ்பரோவில் அந்த மாணவர்களை முதலில் ஏசியவர்களில், கடைக்குள்ளே வேலை செய்த கறுப்பினப் பெண் ஒருத்தியும் இருந்தாள் என்று சொல்வார்கள். உங்கள் பேச்சில் நான் அவளைச் சேர்க்கவில்லை. கைதட்டுக்கு இடைஞ்சல் என்று விட்டுவிட்டேன். அவளுக்கு அன்று என்ன பயம் இருந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

நகரின் மறுகோடி பியோர்ண்டாலிலிருந்து யதுர்ஷா போன் எடுத்துப் பேசினாள். அவளுக்குப் பேசுவது லண்டன் மாப்பிள்ளையாம். மாப்பிள்ளை வீட்டார் ஒஸ்லோவில் ஆளாளாகப் பிடித்து, ஒன்றியத்தில் யார் யார் இருக்கிறார்கள், யார் வீட்டில் சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தார்களாம். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கிறது.

குழுவுக்கு இன்னொரு குரல்பதிவு அனுப்புங்கள். நான் சொன்னது பிழை என்று.

கிருஷிகன்


கொக்குவில்
29 ஏப்ரல் 2025

கிருஷிகனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நான் யாருடைய வேலையையும் பறிக்கவில்லை. சனம் தன் காசுக்குத் தனக்குப் பிடித்த இடத்தில் சாப்பாடு எடுக்கிறது. அதைத் தடுக்க எந்த நாட்டிலும் சட்டம் இல்லை. எனக்கு இந்தப் பழைய குப்பைகளில் நம்பிக்கை இருந்தால் சற்குணத்தை ஒன்றியத்தில் சேர்த்திருப்பேனா? தவமலரிடம் எங்கள் பிள்ளைகளை விட்டிருப்பேனா? ஆனால் நான் ஒருவன் மட்டும் இல்லை. எனக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். முப்பது வயதாகிறது. நீ அவளுக்குத் தம்பி. கை கூடிவந்த காரியத்தில் ஒரு சொல் விழுந்தால் போதும். உன் அப்பா இருந்திருந்தால் இதை உனக்கு நான் எழுத வேண்டி வந்திராது.

இன்னொன்று. இத்தனை வருடமும் ஒருவருக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது. சற்குணமும் உழைத்தான், நாங்களும் சாப்பிட்டோம். வெளியில் போனது உன் வாயால். என் வாயால் அல்ல. இதை ஆறுதலாக யோசி.

மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் தந்தால் பிரச்சினையை முடித்துக்கொள்ளலாம் என்று செயலாளர் அவனுக்குச் சொல்லியிருக்கிறார். நல்ல யோசனை. நீயும் எடுத்துச் சொல்.

இந்த மாதம் 24ஆம் தேதி பொதுக்கூட்டம். திரும்பவும் நிற்கச் சொல்லி எல்லோரும் கேட்கிறார்கள். பேச்சை நீதான் எழுத வேண்டும். அந்த அமெரிக்கக் கதை போன முறை நன்றாக எடுபட்டது. கொஞ்சம் மாற்றி எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரியப்பா


அம்மருட்
6 மே 2025

பெரியப்பா,

நலம்.

24ஆம் தேதி என்பது இந்த மாதம்தான். நீங்கள் எழுதியபோது அது அடுத்த மாதம். அவசரத்தில் எழுதியிருக்கிறீர்கள். பேச்சு எழுத மாட்டேன்.

வெளியில் போனது என் வாயால் என்பது உண்மை. அதை யோசித்தேன். யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது, ஆய்வேட்டில் ஒரு வரியும் ஓடவில்லை. ஆனால் நான் சொன்னது உங்கள் ஒருவரிடம்.

சற்குணம் அண்ணை மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டார். செயலாளர் தட்டச்சு செய்து கொண்டுவந்து, வாசலில் நின்றபடியே நீட்டினார். உள்ளே வரவில்லை. "உணவு தயாரித்தவர் யார் என்பதை மறைத்து உறுப்பினர்களின் மனத்தைப் புண்படுத்தியமைக்கு" என்று எழுதியிருந்தது. மனைவியின் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கும் சேர்த்து அவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நான் படியில் நின்று பார்த்தேன்.

ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். "ஓடர் திரும்பி வந்தால் நல்லதுதானே தம்பி. ஒரு கையெழுத்துத்தானே" என்றார். என்னில் கோபம் இல்லை என்றும் சொன்னார். ஏசியிருக்கலாம்.

ஓடர் திரும்பி வரவில்லை. அவர் இப்போது ஸ்டோவ்னருக்கு அப்பால் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். வீட்டில் சமைப்பதில்லை என்று ஜெனிதா அம்மாவிடம் சொன்னாளாம். கடையில் பாண்ரொட்டி வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு எங்கள் பருப்புச் சட்டியைக் கழுவி வைத்தார். ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றேன். "நாங்கள் குடுக்கலாம்" என்றார். திருப்பி வாங்குவதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். அவர் சமைத்தது என்று தெரிந்துகொண்டு நீங்கள் சாப்பிடுவீர்களா? ஓம் அல்லது இல்லை.

கிருஷிகன்


ஸ்டோவ்னர், ஒஸ்லோ
1 ஜூன் 2025

அன்புள்ள உறவினர்கள் அனைவருக்கும்,

இறையருளால் நாங்கள் நலமே ஒஸ்லோ வந்து சேர்ந்தோம். எங்கள் செல்வ மகள் யதுர்ஷாவுக்கும் லண்டனைச் சேர்ந்த செல்வனுக்கும் ஓகஸ்ட் மாதம் திருமணம் நிச்சயிக்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியோடு அறியத்தருகிறோம். சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஆட்களையே அழைத்து வருகிறார்கள். குடும்ப சமேதராய் வந்து வாழ்த்த வேண்டுகிறோம்.

கிருஷிகன், மேசை ஒழுங்குகளை நீ பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாலேந்திரன் குடும்பத்தினர்


அம்மருட்
3 ஜூன் 2025

பெரியப்பா,

நலமாக வந்து சேர்ந்தது சந்தோஷம். யதுர்ஷாவுக்கு என் வாழ்த்து. அவளுக்கு நேரிலும் சொல்கிறேன். மேசை ஒழுங்குக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

பொதுக்கூட்டத்துக்கு வந்திருந்தேன். போட்டியில்லாமல் தெரிவானீர்கள். பழைய பேச்சையே வாசித்தீர்கள். கையெழுத்து வரி வந்தபோது குரலை உயர்த்தச் சொல்லி நான் ஓரத்தில் போட்ட கோடு அப்படியே இருந்திருக்க வேண்டும், சரியாக அந்த இடத்தில் உயர்த்தினீர்கள். கைதட்டினார்கள். சற்குணம் அண்ணை வரவில்லை. முடிந்ததும் என் தோளைப் பிடித்து, "மெலிஞ்சுபோனாய், சாப்பிடுறேல்லையோ?" என்றீர்கள். சாப்பிடுகிறேன் என்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோபம்கூட வரவில்லை.

போன கடிதத்தில் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அதை இனிக் கேட்க மாட்டேன். பதில் தெரியும்.

இப்போது வேறொன்று கேட்கிறேன். சற்குணம் அண்ணை கையெழுத்து வைத்த கடிதம் உங்களிடம் இருக்கிறது என்று மீனாட்சிசுந்தரம் சொன்னார். அதைத் தபாலில் அனுப்பக்கூடாது, செயலாளரிடம் கொடுத்துவிடக்கூடாது. நீங்கள் எடுத்துக்கொண்டு வந்து, அவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு பஸ்தான். மூன்றாம் மாடி, இடப்பக்கம், கதவில் தவமலர் அக்காவின் பெயர் இன்னும் இருக்கிறது. அவர் சனிக்கிழமைகளில் வீட்டில் இருப்பார். நான் வரமாட்டேன், ஜெனிதாவையும் வெளியே கூட்டிப் போய்விடுகிறேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்கவும் மாட்டேன்.

எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் எழுதுங்கள்.

பெரியம்மாவைப் படி ஏறும்போது கவனமாக இருக்கச் சொல்லுங்கள்.

கிருஷிகன்


அம்மருட்
30 ஜூன் 2025

பெரியப்பா,

நலமா?

எந்தச் சனிக்கிழமை?

கிருஷிகன்